நீலப் பேனா

சாவியை வாங்கிய பிறகும் நகராமல் நிற்பார்கள்.
மருந்துக்கடையில் கூச்சத்தோடு கேட்பவர்கள் மாதிரி
மேசைமேல் குனிந்து மெல்லக் கேட்பார்கள்:
"கூட்டம் இல்லாத இடம்.
நீங்களெல்லாம் எங்கே போவீர்கள்?"

உள்ளதைச் சொன்னால்
நான் டயர் கடைக்குப் போவேன்.
கரன்ட் பில் கட்டப் போவேன்.
ஆகஸ்ட் மத்தியானங்களில்
இதே நாற்காலியில் ஃபேனுக்கு நேராகச் சாய்ந்து
தூக்கத்துக்குப் போவேன்.

ஐந்து மணி நேரம் கப்பலில் வந்தவர்களிடம்
இதைச் சொல்ல முடியுமா?
அட்டையிலிருந்து பாரோஸ் தீவை ஒரு தாள் கிழிப்பேன்.
நீலப் பேனாவால் ஒரு வட்டம்.

முதல் வருஷம் மெய்யான வட்டம்தான் போட்டேன்.

குடிநீர் ஆலைக்குப் பின்னால்
கழுதையும் யோசித்து இறங்குகிற சரிவு.
கீழே ஒரு கட்டில் அகலத்துக்குப் பாறை.
பாறை இடுக்கில் யாரோ அடித்து வைத்த ஒற்றை ஆணி.
விடியற்காலையில் அந்த ஆணியில்
ஆர்கிரோவின் கவுன் தொங்கினால்
நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன்.
என் சட்டை தொங்கினால் அவள் திரும்பிவிடுவாள்.
பதினாறு அறை பெருக்கித் துடைக்கப் போகும் முன்
அவளுக்கு அரை மணி நேரக் கடல்.
இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.
பேசியிருந்தால் ஏற்பாடு கெட்டிருக்கும்.

நான்தான் கெடுத்தேன்.
டச்சுக்காரத் தம்பதி, நல்ல மனிதர்கள்,
பிஸ்கட் டப்பாவோடு வந்து கேட்டார்கள்.
நல்ல மனிதர்களுக்கு நண்பர்கள் அதிகம்.
பத்து நாளில் பாறையில் பதினொரு துண்டுகள்.
ஆணியில் ஒரு ஸ்பீக்கர் தொங்கிப் பாடிக்கொண்டிருந்தது.

ஆர்கிரோ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ரொட்டிக் கடையில், எனக்கு முன்னால் நின்று,
கடைக்காரியிடம் மட்டும் சொன்னாள்:
"ஆலைக்குப் பின்னால் ஒன்பது கார் நிற்கிறது.
ஒன்பதிலும் ஒரே கம்பெனி ஸ்டிக்கர்."
மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு பொய் வட்டங்கள்.
மூடிப்போன கல்குவாரி. கோழிப்பண்ணை.
ஒன்றுமே இல்லாத ஒரு வளைவு, அதில் ஒரு மைல்கல்.
லைப்சிக்கிலிருந்து தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு
சலிப்பில் மனூசோஸின் டயர் கடையையே வட்டமிட்டேன்.
சாயங்காலம் திரும்பி வந்தாள்,
முழங்கை வரை கிரீஸ்,
சட்டையில் தர்பூசணிச் சாறு.
ஜாக்கியைத் தப்பாக வைத்ததற்கு மனூசோஸ் திட்டினாராம்.
பிறகு பழம் வெட்டினாராம்.
ரேடியோவில் பந்தாட்டம், அவருடைய அணி தோற்றதாம்,
இவளும் சேர்ந்து அழுதாளாம், ஏன் என்று தெரியவில்லையாம்.
"உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றாள்.
எனக்கு என்ன தெரியும்.
மறுநாள் வந்தவர்களைக் கல்குவாரிக்கு அனுப்பினேன்,
மனூசோஸுக்கு வயதாகிறது.

இந்தக் கோடையில்
தினமும் ஏழு மணிக்கு ஆர்கிரோவின் ஸ்கூட்டர்
கடை வாசலில் வந்து நிற்கிறது.
ஹோட்டல்காரர்கள் விட்டுப்போன கார் சாவிகளைத் தருவாள்.
தலை ஈரம். புருவத்தில் உப்பு வெளுத்திருக்கும்.
எங்கேயோ வேறு ஆணி கிடைத்துவிட்டது அவளுக்கு.

நேற்று அவள் உள்ளே கையெழுத்துப் போடும்போது பார்த்தேன்:
சக்கரத்தில் செம்மண்.
இந்தப் பக்கம் செம்மண் ஒரே ஒரு பாதையில்தான்.
அதன் முடிவில் என்ன இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
நாளை வரும் கப்பலில் முந்நூறு பேர்.

கார் கழுவுகிற வாளியில் துணியை நனைத்து
குந்தி உட்கார்ந்து
முன் சக்கரத்தை வட்டமாகத் துடைத்தேன்.

நிழல் விழுந்தது.
சக்கரத்தைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.
மூன்று வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசினாள்:

"சராந்திஸ்,
பின் சக்கரம்."